அடியில் கிடப்பதற்கு ஒரு முள்

மாலை ஆறு மணி. அணைக்குக் கீழே ஆற்றோரமாகப் போகும் மண்பாதை. அந்த நேரத்துக்கு அங்கே ஒரு நாய்கூட இருக்காது... என் நண்பனின் தாய்மாமா மட்டும் போய்க்கொண்டிருந்தார். கையில் தூண்டில். வயிறு முழுக்க ஆத்திரம்.

ஒட்டி உட்காருங்கள். மாமாவே தன் மருமகனிடம், அதாவது என் நண்பனிடம், சொன்னது இது.

மாமா வெல்டர். நான்கு நாளுக்கு முன்னால் அவருடைய தம்பி அதே ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தான். அணையின் ஷட்டரைத் திறந்துவிட்டார்கள். திறப்பதற்கு முன் சைரன் ஊத வேண்டும். ஊதவில்லை. வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போனது. ஷட்டரை இயக்கும் ஷட்டர்காரனோ, "நான் ஊதினேன். அவன் காதுல விழலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?" என்று சாதித்தான். அதிகாரிகளும் தலையாட்டினார்கள். ஏதோ பேருக்குத் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கையை விரித்துவிட்டார்கள்.

ஆற்றுக்குப் போன அன்று மதியம்தான் மாமா தூண்டில் கடைக்குப் போனார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்தார். வழுக்கினால் மொக்கை. தூக்கிப் போட்டார். கடைசியில் மூன்று கொக்கி வைத்த பெரிய முள் ஒன்று நகத்தைக் குத்திக்கொண்டு நின்றது. அடுத்து ஸ்பூன்... மீனை ஏமாற்றத் தண்ணீருக்குள் மினுக்குமே, அந்தத் தகடு. கடைக்காரர் மெல்லிசாக ஒன்றை நீட்டினார்.

"ஆத்து மீனுக்கு இது போதும்ண்ணே. கனமானது நேரா அடிக்குப் போயிடும்."

"அடிக்குத்தான் போகணும்."

"அடியில என்ன மீன்ணே இருக்கு?"

"என் தம்பி இருக்கான்."

கடைக்காரர் கனமான தகட்டை எடுத்துக் கொடுத்தார்.

மாலையில், தம்பி நின்ற இடத்தில் வீசினார். சளக். வீச வீச வெறும் பாசி. பிறகு... மாட்டியது. நல்ல கனம். ரீலை மெதுவாகச் சுற்றினார். வந்தது. பாதியில் நின்றது. அப்புறம் அதுவே இழுக்க ஆரம்பித்தது... ஆறு கீழே ஓடுகிறது, நைலான் நரம்பு மேலே போகிறது. அணைப் பக்கமாக. ரீல் கிர்ர்ரென்று கத்தியது. நரம்பு தீர்ந்து பட்டென்று அறுந்தது.

மாமா பயந்து ஓடவில்லை. அது போன திசையிலேயே நடந்தார். அணையடியில் ஷட்டர்காரன் குடியிருந்த அறை. படியெல்லாம் ஈரம். அழுகிய பாசி நாற்றம். சாத்திய கதவை உள்ளிருந்து யாரோ பிறாண்டினார்கள்.

"யாரு வெளியில? கதவு இறுகிப்போச்சு, தள்ளுங்கண்ணே! உள்ள வந்து உக்காந்திருக்கான்... என்னையே பாக்குறான்!"

மாமா கதவில் கை வைத்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு சைரன் ஊதினியாடா?"

உள்ளே பிறாண்டல் நின்றது. சொட்... சொட்... தண்ணீர் மட்டும்.

"ஊதினேண்ணே. சத்தியமா ஊதினேன்."

மாமா வெளித் தாழ்ப்பாளைப் போட்டார். வீட்டுக்கு நடந்தார்.

காலையில் அணை வேலையாட்கள்தான் கதவைத் திறந்தார்கள். தம்பியின் உடல் கட்டிலில், உட்கார்ந்த மேனிக்கு. ஷட்டர்காரன் கதவோரம், மூழ்கிச் செத்தவனைப்போல வயிறு ஊதி. தரை காய்ந்து கிடந்தது. சுவரிலும் ஒரு பொட்டு ஈரமில்லை. மேலே, மின்விசிறி இறக்கையில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு மீன் குஞ்சு...

உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது.