ராயபுரம் டிராமில் ஓவியரின் மனைவி

“செத்துப்போறதும் நான்தான், பக்கத்துல குந்திகினு அழுவறதும் நான்தான்” என்று முன் இருக்கைக்காரர் சொன்னதும் டிராமில் பலரும் திரும்பினோம்.

அவர் நாடக நடிகர் என்பது பேச்சில் தெரிந்தது. கூட நடித்தவர்கள் பேசும்படத்துக்குப் போய்விட்டார்களாம். புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் கதையை அன்று மாலை ராயபுரத்தில் அவர் ஒருவரே எல்லா வேஷமும் கட்டி நடிக்கப்போகிறார். பக்கத்தில் அவர் மனைவி. ஓவியரின் மனைவியாக அவர் கட்டவேண்டிய சேலை அவள் மடியில் இருந்தது.

“ஊரூரா சாமி படம் வரைஞ்சிட்டு, ஓவியரு பல வருசம் கழிச்சி வூட்டுக்கு வர்றாரே, அப்ப பொண்டாட்டி இன்னா சொல்லுவா?” என்று கேட்டாள்.

“அழுதுகினே கால்ல வுழுவா.”

“வுழமாட்டா. ‘சாமிக்கெல்லாம் மூஞ்சி வரைஞ்சியே, என் மூஞ்சி ஞாபகம் கீதா?’ன்னு கேப்பா.”

“நல்லா கீதே! அதுக்கு அவரு, ‘வேலை அப்பிடி’ன்னு சொல்லட்டா?”

“அது ஒவ்வொரு தபாவும் வெளியூர் நாடகம் முடிஞ்சி வந்து நீ எனக்குச் சொல்றது. அவரு வேற சொல்லட்டும்.”

பிறகு அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேடைக் குரலில் முழங்கினார்: “கண்ணே, நான் தீட்டிய தெய்வங்கள் அனைத்திலும் இருப்பது உன் முகமே!”

பின்னால் யாரோ கைதட்டினார்கள். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பச்சைப் பொய்யி” என்றாள். “அத்தயே சொல்லு. இன்னிக்கி கொட்டாயி அதிரும்.”