நான்கு சில்லுக்கும் ஒரே அளவு

காலையில் எழும்பினால் மனிதருக்குக் காலைக்கடன் என்று ஒன்று இருக்கிறது. காற்றுப் பிறேக் பூட்டிய வாகனத்துக்கும் அது உண்டு. காற்று டாங்கிக்குள் சேர்ந்திருக்கிற தண்ணீரை ஒவ்வொரு நாளும் இறக்கிவிட வேண்டும். எல்லாரும் இதைச் சொல்வார்கள், செய்கிற ஆட்களைத்தான் காணக் கிடைக்காது. என் மருமகன் றொய்சன் செய்வான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். விடியவே கையுறையைப் போட்டுக்கொண்டு, குனிந்து, டாங்கியின் கயிற்றை இழுத்துத் தண்ணீரை விட்டுவிட்டு, "இண்டைக்குத் தண்ணி குறைவு மாமா" என்று எனக்குப் படம்கூட அனுப்புவான்.

தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள் தம்பி பிரவீனன். நான் சொல்வதைப் பதிவு செய்யலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. கொஞ்சம் மெதுவாகக் கதைத்தால் மட்டும் போதும். பக்கத்து அறையில் மகள் சாம்பவி படுத்திருக்கிறாள். மத்தியானத்தில்தான் பிள்ளைக்குக் கொஞ்சம் கண் அயரும்.

"அங்கிள், லோயரோட கதைச்சிட்டுச் சொல்லுறது நல்லம்" என்று நீங்கள் இரண்டு தரம் சொல்லிவிட்டீர்கள். பொலிஸ்காரர் என்றாலும் நல்ல பிள்ளை. ஆனால் அரை மணித்தியாலத்துக்கு முன் நீங்கள் வாசித்துக் காட்டிய அறிக்கையில் ஒரு சொல் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. றொய்சனுடைய வாகனத்தின் நான்கு பிறேக்கும் அளவு தப்பியிருந்தது, காரணம் பராமரிப்பில் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். இருபத்தாறு வருடம் ஸ்காபரோவில் ஒரே கராஜில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் காற்றுப் பிறேக் திருத்தினவன் நான். ஸ்ரீஸ்கந்தராசா பார்த்தது என்றால் முதலாளி திரும்பிப் பார்க்காமல் கையெழுத்து வைப்பார். அந்த வாகனத்தைக் கடைசியாகப் பார்த்ததும் நான்தான். கவனக்குறைவாக நான் ஒரு ஆணிகூட முறுக்கினதில்லை.

ஆகவே ஒழுங்காக, முதலில் இருந்து சொல்கிறேன்.

என் மனைவி பேபி செத்து மூன்று வருடமாகிறது. எங்களுக்குச் சாம்பவி ஒரே பிள்ளை. அவளும் றொய்சனும் அஜக்ஸில் வீடு வாங்கி இருந்தார்கள். அவன் வேதக்காரப் பெடியன் என்பதற்காக நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, கோயிலிலும் தாலி கட்டினார்கள், சேர்ச்சிலும் மோதிரம் மாற்றினார்கள், இரண்டு இடத்திலும் முன்வரிசையில் நின்றேன். பேபி போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாம்பவி மோர்னிங்சைட்டுக்கு, இந்த வீட்டுக்கு வருவாள். கிழமைக்குத் தேவையான கறியை வைத்து, பெட்டி பெட்டியாகப் போட்டு, மூடியில் நாள் எழுதி ஒட்டிவிட்டுப் போவாள். திங்கட்கிழமைப் பெட்டியை நான் செவ்வாய்க்கிழமை சாப்பிட்டால் போனில் பேச்சு விழும். அந்தப் பேச்சுக்காகவே சிலவேளை மாற்றிச் சாப்பிட்டிருக்கிறேன்.

போன வருடம் சித்திரையில் றொய்சன் ஒரு மோட்டார்ஹோம் வாங்கினான். முப்பத்தெட்டு அடி நீளம், டீசல் என்ஜின், உள்ளே கட்டில், குசினி, குளியலறை எல்லாம். அவனுடைய வேலை கொம்பியூட்டரில், எங்கே இருந்தும் செய்யலாம். வீட்டை விற்றுவிட்டு, நாட்டின் மற்றக் கரையில் உள்ள வன்கூவர் பக்கம் போகப் போகிறார்கள் என்று, எனக்குச் சோறு போட்டுக்கொண்டு நிற்கும்போது சாம்பவி சொன்னாள்.

"ஒரேயடியாப் போகேல்லை அப்பா. ஒரு வருசம் சுத்திப் பாப்பம். பிடிச்சுதெண்டா அங்கையே இருப்பம்."

"பிடிக்காட்டி?" என்று கேட்டேன்.

"பிடிக்கும் அப்பா" என்று சிரித்தாள்.

எனக்குப் பயம் வந்தது, தம்பி. ஒளிக்க ஒன்றுமில்லை. சண்டைக்குள் இருந்து அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோதுகூட அப்படி ஒரு பயம் வரவில்லை, அப்போது பிள்ளை என் கையில் இருந்தாள். பிள்ளையை மறிக்க வேண்டும் என்ற ஒரு நினைப்போடுதான் அதன் பிறகு நான் எழும்பினதும் படுத்ததும்.

றொய்சனுக்குக் காற்றுப் பிறேக் பற்றி அரிவரியும் தெரியாது. அதற்குத் தனி லைசன்ஸ் எடுக்க வேண்டும், நான்தான் படிப்பித்தேன். நன்றாகப் படித்தான். காற்றழுத்த ஊசி நூற்றிருபது இறாத்தலுக்கு ஏற வேண்டும், அறுபதுக்கு இறங்கினால் எச்சரிக்கைச் சங்கு கத்தும், மஞ்சள் குமிழை இழுத்தால் வாகனம் அசையாது, எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஒருநாள் என்னைக் கேட்டான்.

"காத்து முழுக்கப் போனாலும் வாகனம் தானா நிக்கும்தானே மாமா?"

"ஓம் தம்பி. சுருள்வில் பிடிச்சு நிப்பாட்டும்."

அது பொய் இல்லை. காற்றுப் போனால் நிற்கும். காற்று இருந்தும் நிற்காமல் போவதற்கு வேறு ஒரு வழி உண்டு, அதை அவன் கேட்கவில்லை.

உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன். பிறேக்கில் காலை அழுத்தினால் காற்று ஒரு தண்டைத் தள்ளும், தண்டு ஒரு கையைத் திருப்பும், பிறேக்கட்டை போய்ச் சில்லின் உருளையைப் பிடிக்கும். அந்தத் தண்டு எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பசியும் இருக்கலாம், கையும் இருக்கலாம், சோற்றுச் சட்டியை எட்டாத் தூரத்தில் வைத்தால் சாப்பிட முடியுமா? அப்படித்தான். கட்டை தேயத் தேய அந்தத் தூரம் கூடும். அதைத் தானாகவே சரிசெய்கிற கருவி ஒவ்வொரு சில்லிலும் இருக்கிறது. அது பழுதானால் சமதரையில் ஒன்றும் தெரியாது. நெடிய இறக்கத்தில் உருளை சூடேறி விரியும்போதுதான் கட்டை எட்டாமல் போகும். ஊசி நூற்றிருபதில் நிற்கும், சங்கு கத்தாது, கால் தரைவரைக்கும் போகும், வாகனம் தன்பாட்டில் போகும். மஞ்சள் குமிழை இழுத்தாலும் அதே கட்டைதானே, அதுவும் எட்டாது.

ஆடி மாதம் நான் வாகனத்துக்குக் கீழே படுத்து அளந்து பார்த்தபோது பின்சில்லு இரண்டிலும் அந்தக் கருவி பழுதாகியிருந்தது. "எப்பிடி மாமா?" என்று வெளியில் நின்று கேட்டான். நல்லாயிருக்கிறது என்றேன். முதலில் நான் செய்தது அவ்வளவுதான். ஒன்றும் செய்யாமல் விட்டேன். "நீர் கீழ படுத்து உடுப்பை ஊத்தையாக்க வேண்டாம், அளவெடுக்கிறதை நான் பாக்கிறன்" என்றும் சொன்னேன். மாமா அருமையான மனுசன் என்று சாம்பவியிடம் சொன்னானாம்.

மேற்கே போக முன்னம் ஒரு பரீட்சைப் பயணம் போகச் சொன்னதும் நான்தான். ஹமில்ரனுக்கு அங்கால், மலைக்கு மேலே ஒரு முகாமிடம் இருக்கிறது. போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவதாக ஏற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை பேபியின் திவசம். நான் கலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் நாளைச் சொன்னேன். "திவசத்துக்கு நீ என்னோட நிக்க வேணும் பிள்ளை, அவன் தனியப் போட்டு வரட்டும்" என்றபோது சாம்பவி உடனே சம்மதித்தாள். தாயின் காரியத்துக்கு அவள் எப்போதும் நிற்பாள்.

பயணத்துக்கு முதல் நாள், வியாழக்கிழமை பகல், இருவரும் வீடு விற்ற கையெழுத்து வைக்க லோயரிடம் போயிருந்தார்கள். வாகனம் என் பழைய கராஜ் வளவில் நின்றது. பின்சில்லு இரண்டு மட்டும் பிடிக்காமல் முன்சில்லு பிடித்தால் மிதிக்கிற விதம் வித்தியாசமாக இருக்கும், அவனுக்குச் சந்தேகம் வரும். அதோடு எனக்கும் அரைகுறை வேலை பிடிக்காது. பழுதென்று வேறு வாகனங்களில் கழற்றி வீசிய பழைய கருவிகள் இரண்டு அலுமாரிக்குக் கீழே கிடந்தன. அவற்றை முன்னுக்குப் பூட்டினேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான்கு சில்லையும் ஒரே அளவாக்கிவிட்டுத்தான் கையைக் கழுவினேன். அறிக்கை எழுதினவர்களும் அதைக் கண்டிருப்பார்கள். நான்கும் நூல் பிடித்தமாதிரி ஒரே அளவில் தப்பியிருந்தால், அது எப்படிக் கவனக்குறைவாகும்?

இறக்கத்தில் வேகத்தை என்ஜினே பிடித்து வைக்க என்ஜின் பிறேக் என்று ஒன்று உண்டு, அதைப் போடுகிற ஆளியைப் பற்றியும் அவன் கேட்டான். அது பெரிய சத்தம் போடும், ஊர்மனைக்குள் போட்டால் ஆட்கள் ஏசுவார்கள், தேவைப்படாது என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து அனுப்பினோம். வேதக்காரப் பெடியன்தான், ஆனாலும் தேசிக்காய்க்கு மேலே சில்லை ஏற்றிவிட்டுப் போனான். நான் சொன்னால் அவன் தட்டமாட்டான்.

பின்னேரம் சாம்பவி மரக்கறிப் பைகளோடு வந்தாள்.

"நாளைக்கு ஐயர் பன்னெண்டு மணிக்கு வாறார் அப்பா."

"நாளைக்கோ? ஞாயிற்றுக்கிழமையெல்லோ?"

"நீங்கள் ஊர்க் கலண்டரைப் பாத்திருக்கிறியள். இஞ்சத்தைய நேரத்துக்குத் திதி சனிக்கிழமை மத்தியானம் நிக்குது. ஐயரைக் கேட்டிட்டன்."

யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி வருடா வருடம் அனுப்புகிற கலண்டர் அந்தச் சுவரில் தொங்குகிறது, பாருங்கள். அங்கே ஞாயிறு என்றால் இங்கே சனியாக வரலாம் என்பது எனக்குத் தெரியாததா? முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். பேபி இருக்கும்வரை விரதமும் திதியும் அவள் பார்ப்பாள், அவள் போன பிறகு சாம்பவி பார்த்தாள். இந்த முறை மட்டும் நான் முந்திக்கொண்டேன். நூலளவு தப்பாத ஆள், ஒரு முழு நாளைத் தப்பவிட்டேன். அந்த ஒன்றைக் கவனக்குறைவு என்று எழுதினால் நான் மறுக்கமாட்டேன்.

சனிக்கிழமை திவசம் குறையில்லாமல் முடிந்தது. ஐயர் போன பிறகு சாம்பவி ஒரு பெட்டியில் சோறும் கறியும் வடையும் கட்டினாள். திவசத்துக்கு வந்திருந்த சினேகிதி நிலாணிக்கு வீடு ஹமில்ரனில், அவளுடைய காரில் முகாமுக்குப் போய் இறங்கி, அடுத்தநாள் றொய்சனோடு வருவேன் என்றாள் சாம்பவி. நான் வாசலில் நின்றேன். சொல்லியிருக்கலாம். "நில் பிள்ளை, எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது" என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். "போட்டு வா" என்று சொன்னேன்.

அன்று பின்னேரம் முழுக்க யோசித்தேன். போனில் கூப்பிட்டு, வாகனத்தை எடுக்க வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அந்த நிமிடமே எனக்கு மகள் இல்லை. சொல்லாமல் விட்டால், ஒருவேளை ஒன்றும் நடக்காது. ஒருவேளை அவன் மெதுவாக வருவான். ஒருவேளை அவளுக்கு மட்டும் ஒன்றும் நடக்காது. இப்படியே யோசித்துக்கொண்டு திவசச் சட்டிகளைக் கழுவி வைத்தேன்.

ஞாயிறு ஒரு மணிக்கு அவளே எடுத்தாள்.

"வெளிக்கிடப் போறம் அப்பா. இறக்கத்தில ஏதும் விசேஷமாச் செய்யோணுமோ எண்டு றொய்சன் கேக்கச் சொன்னவர்."

என் கைக்குள் வந்து தானாக விழுந்தது, தம்பி. கடவுள் வேறு எப்படித்தான் ஒரு மனிதனிடம் கேட்பார்?

"மெதுவா வாங்கோ பிள்ளை" என்றேன்.

அதை நான் சொன்னேன். அவளுடைய போனில் பதிவு இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். இறக்கத்தின் அடியில், சிவப்பு விளக்கில் ஒரு சின்னக் கார் நின்றதாம். அதற்குள் இருந்தவரின் பெயர் பேப்பரில் வந்தது, நான் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன். றொய்சன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே போய்விட்டான். அவனுக்காக அழுதேன். சேர்ச்சில் முன்வரிசையில் இருந்து, எல்லாரும் பார்க்க, உண்மையாகவே அழுதேன். சாம்பவிக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது, இனியும் தெரியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அஜக்ஸ் வீடு கைமாறிவிட்டபடியால் அவள் நேரே இங்கேதான் வந்தாள். அந்த அறையின் கதவை நானே அகலமாக்கினேன். வாசலுக்குப் பலகைச் சாய்வு அடித்தேன், ஏறவும் இறங்கவும் சுகமாக, சரிவை அளந்து. இப்போது சமையல் நான். பெட்டியில் நாள் எழுதி ஒட்டுவதும் நான். போன மாதம் ஒருநாள், "றொய்சன் எதையோ கவனிக்காமல் விட்டிட்டார் போல, என்னப்பா?" என்று கேட்டாள். நான் மறுத்துப் பேசவில்லை. செத்தவனைப் பற்றி என்னத்தைக் கதைக்கிறது என்று அவளுடைய தலையைத் தடவிவிட்டேன்.

நீங்கள் எழுந்து நிற்கிறீர்கள். எங்கேயோ கூட்டிக்கொண்டு போகப் போவதுபோல் நிற்கிறீர்கள். அறிக்கையைத் திருத்தத்தான் இதெல்லாம் சொன்னேன், தம்பி. நான் போனால் அவளை யார் பார்ப்பது? அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை, வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு தகப்பன் இப்படிப் பார்ப்பானா என்று சொல்வார்கள். நான்கு மணிக்கு எழும்புவாள், தேத்தண்ணி கொடுக்க வேண்டும், பிறகு வீல்செயாரில் இருத்தி யன்னலடிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கும் இரண்டு பிறேக் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பினதும் முதல் வேலையாக அதைத்தான் அளந்து பார்க்கிறேன். நல்லாய்ப் பிடிக்கிறது. இம்மியும் அசையாது.