கையெழுத்து மட்டும் போட்ட தாள்

— மூணு தடவை படிச்சுட்டேன் அக்கா. பதவி உயர்வு வேண்டாம்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கு. கீழ இருக்கறது என் கையெழுத்துதான்.

— மெதுவா பேசுடி. இந்தப் பதிவேட்டு அறையில பேசினா வராண்டா வரைக்கும் கேக்கும். உன் கோப்பை உனக்கு யார் காட்டினது?

— நானே எடுத்தேன். பதவி உயர்வுப் பட்டியல்ல என் பேர் இல்லை. நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேனோன்னு பரீட்சை மார்க்கு, வேலையில சேர்ந்த தேதி, எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பார்த்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு. கடைசியில இந்தத் தாள்.

— அரசாங்கத்துல இருக்கறவங்க அத்தனை பேர் கோப்பையும் பார்க்கற ஆபீஸ் இது. தன் கோப்பைத் தானே தொடக்கூடாதுன்னு தெரியாதா உனக்கு?

— தெரியும். ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டு உங்ககிட்ட எத்தனை கொடுத்து வச்சேன்?

— நாலு. சாயங்கால வகுப்புக்கு நீ சீக்கிரம் கிளம்பற அன்னிக்கு அனுமதி எழுதிக்க. செக்‌ஷன்ல எல்லாரும்தான் கொடுத்து வைக்கறாங்க.

— இப்போ மூணு இருக்கு. ஒண்ணைக்கூட இன்னும் தொடலைன்னு போன வாரம் நீங்களே சொன்னீங்க.

— ஓஹோ, என் டிராயரை எண்ணிட்டுதான் வந்திருக்கியா.

— நீங்க எழுதினீங்களா அக்கா?

— என் எழுத்தைக் கோழிக்கிறுக்கல்னு நீதானே கிண்டல் பண்ணுவ. இதைப் பாரு, முத்து முத்தா இருக்கு. யார் எழுத்துன்னு நிஜமாவே தெரியலையா?

— படிக்கும்போதே தெரிஞ்சுது. இல்லைன்னு நீங்க சொல்லுவீங்கன்னுதான் வந்தேன்.

— போன மாசம் உனக்கு ஜுரம் வந்த அன்னிக்கு உன் வீட்டுக்காரர் வந்தார். லீவு எழுதணும்னார், தாளைக் கொடுத்தேன். அந்த ஸ்டூல்ல உக்காந்துதான் எழுதினார். படிச்சுட்டு, அவளுக்குத் தெரியுமான்னு கேட்டேன். பதவி உயர்வுல வேற ஊருக்குப் போனா பாப்பாவை யார் பார்க்கறது, ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்னார். அப்புறம்தான் கோப்புல சேர்த்தேன்.

— ரெண்டு வருஷம் அக்கா. மழைன்னுகூடப் பார்க்காம வகுப்பு வாசல்ல கொண்டு விட்ட மனுஷன். நான் பாஸ் பண்ணினதும் தெரு முழுக்க சொல்லிட்டு வந்தார்.

— பாஸ் பண்ணலாம். ஊரை விட்டு நகரத்தான் கூடாது.

— இதை ஏத்துக்கிட்டா மூணு வருஷத்துக்கு என் பேரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. வாங்க, இப்பவே இயக்குநர்கிட்ட போவோம். வெத்துத் தாள் கொடுத்தது என் தப்புன்னு நானே ஒத்துக்கறேன். அவர் உங்க முன்னாடி உக்காந்து எழுதினார்னு மட்டும் நீங்க சொன்னாப் போதும்.

— முதல்ல உக்காரு.

— உக்கார நேரமில்லை. எனக்கு ஒண்ணுதான் புரியலை. ஒரு மாசமா தினம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க. அவர் பேச்சை நம்பின நீங்க, என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?

— பதவி உயர்வு ஆணை காலையிலயே கையெழுத்தாயிடுச்சுடி. சீனியாரிட்டி வரிசையில உனக்கு அடுத்த பேர் என்னுது.