கண்ணுல பூந்த இரும்புத்தூள்

கசக்காதீங்கக்கா... கைய எடுங்க மொதல்ல. ஜன்னலோரம் ஒக்காந்தா தூசி வுழத்தான் செய்யும், அதுக்குன்னு இப்படியா தேய்க்கறது? இந்தாங்க, பாட்டல்ல நல்ல தண்ணிதான். தலையச் சாய்ச்சு, கண்ணத் தெறந்து ஊத்துங்க. சிமிட்டுங்க. ம்... தானா வந்துரும்.

முன் சீட்டுல, ஒத்தக் கண்ணுல பஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்காரு பாருங்க, அவருதான் எங்கூட்டுக்காரரு. தொப்பூர்ல முனிராஜ் வெல்டிங்னு போர்டு இருக்குமே, அவரேதான். கண்ணாடி போடாம கிரைண்டர் புடிச்சாரு. கண்ணாடி இல்லாம இல்லீங்க. ஆயுத பூஜைக்கு அதுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு ஆணியில மாட்டுனாரு, சாமியாட்டம் அங்கயே தொங்குது. தொடச்சா குத்தமாம்.

நேத்து கேட்டுக்குக் கம்பி அறுக்கையில, பொறி தெறிச்சு இரும்புத்தூள் பூந்துருச்சு. அவ்ளோதான், ஊரே டாக்டராயிருச்சு. டீக்கடையில நின்ன லாரி டிரைவரு வந்து ஊதுனாரு. அந்த பீடி நாத்தத்துக்குக் கண்ணீர் கொட்டுச்சு, தூள் கொட்டல. எங்க நாத்தனா தாய்ப்பால் வாங்கியாரேன்னு பக்கத்து வூட்டுக்குப் போனா, அந்த வூட்டுக்காரன் சண்டைக்கு வந்துட்டான். எங்க கொழுந்தன் மாரப்பன் மூளை இருக்கே... பழைய ஸ்பீக்கர ஒடைச்சு காந்தத்த எடுத்தாந்துட்டான். இரும்புதானே அண்ணி, இழுத்துரும்ங்கறான். நாத்தனா தாலியில கோத்திருந்த ஊக்கு போயி ஒட்டிக்கிச்சு. கண்ணுல இருந்தது அசையல.

நானும் தண்ணி ஊத்திப் பாத்தேன், போவல. கருமணி மேலயே குத்திக்கிட்டு நிக்குது. அப்ப ஒருத்தன் ஊசி எடுத்தாந்தான் பாருங்க... ஊசிக்கா. கண்ணு போனா அப்புறம் என்ன வெல்டிங்கு? கிட்ட வந்தா கைய முறிச்சுருவேன்னேன். எங்கூரு நர்சம்மாவுக்கு ஃபோன் போட்டேன். குத்தி நிக்கறதத் தொடாதீங்க, பேப்பர் கப்ப மேல கவுத்து அமுக்காம கட்டுங்க, நல்ல கண்ணையும் மூடுங்க, ஒண்ணு அசைஞ்சா இன்னொண்ணும் அசையும்னாங்க. டீக்கடை கப்பு, என் துப்பட்டா. ரெண்டு கண்ணையும் கட்டி தர்மபுரிக்குப் பஸ் ஏத்துனேன்.

கல்யாணமானதுலருந்து ரோட்டுல எனக்கு முன்னாடியே வெரசலாப் போற மனுசன். பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் என் கைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு.

"வுட்றாத சாலா"ன்னாரு.

அவசரந்தான், ஆனாலும் நான் ஓடலக்கா. மெதுவாத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

மருந்து வுட்டு மரத்துப் போவ வெச்சு எடுத்துட்டாங்க. பார்வைக்கு ஒண்ணுமில்ல, ஊசி பட்டிருந்தா கண்ணே போயிருக்கும்னாரு டாக்டரு. வெளிய வந்தோம். ஒத்தக் கண்ணு தெறந்துதான இருக்கு, கைய வுட்டாரு, வெடுக்குனு முன்னாடி போனாரு. இன்னிக்கு மறுபடி வந்து காட்டச் சொன்னாங்க. இப்பவும் பாருங்க, எனக்குப் பக்கத்துல எடம் இருந்துச்சு, முன்னாடி போயி ஒக்காந்துக்கிட்டாரு. என்னாத்தச் சொல்றது...

என்னக்கா எந்திரிச்சிட்டீங்க? இது அதியமான்கோட்டைக்கா. நீங்க தர்மபுரிக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க? அவரு இங்க வந்து ஒக்காரட்டும்னா எடம் வுடறீங்க?