வளைவுக்குப் பக்கத்தில் இருந்த கிளிப்

குழாய் வேலைக்கு வருகிறவனிடம் யாரும் கிளிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. பைப் எந்தக் கம்பெனி, டேப் எத்தனை வருஷம் உழைக்கும், ஷவரில் தண்ணீர் வேகமாக வருமா, எல்லாம் கேட்பார்கள். அந்தக் குழாயைச் சுவரில் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னச் சாமானை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் அதை எடுத்து என் முன்னால் வைத்து "இது என்ன?" என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான், ஐயா. அதனாலோ என்னவோ, உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செம்புக் குழாய்க்குச் செம்புக் கிளிப் போடலாம், பித்தளை போடலாம், பிளாஸ்டிக்கும் போடலாம். இரும்புதான் வேண்டுமென்றால் உள்ளே ரப்பர் வைத்ததாக இருக்க வேண்டும். வெறும் இரும்பு செம்பைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் செம்புக்கு ஒன்றும் ஆகாது. இரும்புதான் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போய், ஒரு நாள் பிடியை விட்டுவிடும். அரை அங்குலக் குழாய் படுக்கையாகப் போனால் நாலடிக்கு ஒரு கிளிப், நிமிர்ந்து போனால் ஆறடிக்கு ஒன்று. வளைவு வந்தால் அதன் பக்கத்தில் கட்டாயம் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் பாரம் முழுவதும் இணைப்பில் போய் விழும். சுடுதண்ணீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அது நீளும், சுருங்கும், அதற்கு இடம் விட்டுத்தான் பிடிக்க வேண்டும். இதெல்லாம் தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்.

மகளும் மாப்பிள்ளையும் அந்த வீட்டை வாங்கியபோது குழாய் வேலை முழுவதையும் நானே செய்து கொடுத்தேன். மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். குளியலறை, சமையலறை, கேஸ் லைன், எல்லாம் செம்பு. மொத்தம் நாற்பத்தோரு கிளிப். ஒவ்வொன்றுக்கும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் துளை போட்டேன். "மாமா, இத மறைச்சு அலமாரி செய்யவே மனசு வரல" என்றார் மாப்பிள்ளை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை சுத்தமாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. எட்டு மாதம் அந்த வீட்டில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

அப்போது என் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "இந்த மனுஷனுக்கு ஒரு பைப்பப் பாத்துக் கட்டி வச்சிருக்கலாம்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவள் பேசுவாள், நான் கேட்பேன், அப்படியே ஓடிவிட்டது. மகள் போனில், "சும்மா வந்துட்டுப் போங்கப்பா" என்பாள். எனக்குச் சும்மா போகத் தெரியாது. தோளில் சாமான் பை இருந்தால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுவேன். பை இல்லாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாது. இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்பதாவது மாதம் ஒரு டேப் சொட்டியது. அது நியாயமாகக் கெட்டது, என் கை அதில் இல்லை. மகள் கூப்பிட்டாள். பத்து நிமிஷ வேலை. நான் சிங்க்குக்கு அடியில் குனிந்திருந்தேன், அவள் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு டார்ச் பிடித்தாள். அம்மாவைப் பற்றிப் பேசினாள், கூட வேலை செய்கிறவளைப் பற்றிப் பேசினாள், எதற்கோ அழுதாள், பிறகு அவளே சிரித்தாள். டார்ச் வெளிச்சம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அந்தப் பத்து நிமிஷ வேலையை இரண்டு மணி நேரம் செய்தேன்.

கிளம்பும்போது பையின் அடியில் பழைய வீடு ஒன்றில் கழற்றிய இரும்புக் கிளிப்புகள் கிடந்தன. வாஷ்பேசினுக்குக் கீழே எப்போதும் ஈரம் இருக்கும் இடத்தில் ஒரு செம்புக் கிளிப்பைக் கழற்றிவிட்டு, இதில் ஒன்றை மாட்டினேன். அப்போது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை. கடிதம் எழுதித் தபாலில் போடுகிற மாதிரிதான் இருந்தது.

ஐந்து மாதத்தில் பதில் வந்தது. குழாய் தொய்ந்து, இணைப்பில் கசிந்து, மகள் கூப்பிட்டாள். அதன்பிறகு எனக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. மெல்லிய தகடு நாலு மாதம் தாங்கும், கொஞ்சம் தடித்தது ஏழு. மூன்று வருஷத்தில் ஆறு தடவை போனேன். "மாமா, இந்த வீட்டுப் பைப்புக்கெல்லாம் உங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்று மாப்பிள்ளை கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன். போகும்போதெல்லாம் அவர் என் பக்கத்தில் நின்று நட்டை எப்படி முறுக்குவது, சோப்பு நுரை தடவிக் கசிவை எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் கேட்பார். மாமனாருக்கு மரியாதை தருகிறார் என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன்.

ஏழாவது தடவை போன் வந்தபோது பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேதான் பேசினேன். "கிச்சன்ல லேசா ஒழுகிச்சுப்பா. அவரே ஸ்பானர் வாங்கிட்டு வந்து சரி பண்ணிட்டாரு. முட்டி வலியோட நீங்க எதுக்கு அலையணும்?" என்றாள். அவள் பாசத்தில்தான் சொன்னாள். நான் பையை இறக்கி வைத்துவிட்டு அழுதேன். மனைவி செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

அழுது முடித்த பிறகு நிதானமாக யோசித்தேன். தண்ணீர்க் குழாயில் யார் வேண்டுமானாலும் கை வைப்பார்கள். கேஸில் வைக்கமாட்டார்கள், பயம் இருக்கும்.

அடுத்த வாரமே கேஸ் லைனை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று நானாகவே போனேன். வெளியில் இருக்கும் சிலிண்டரிலிருந்து சுவரைத் துளைத்து வரும் குழாய், சிங்க் அலமாரிக்குள் படுக்கையாகப் போய், வளைந்து, அடுப்புக்கு மேலேறுகிறது. ஈரம் காயாத அந்த அலமாரிக்குள், வளைவுக்குப் பக்கத்தில் இருந்த கிளிப்பைத்தான் இரும்பாக மாற்றினேன். அது விட்டால் குழாய் ஒரு விரற்கடை தொய்யும், மேலே அடுப்புப் பக்கத்து நட் கொஞ்சம் தளரும், லேசாக வாசனை வரும். அவ்வளவுதான் என் கணக்கு. நான் பொறுப்பில்லாதவன் இல்லை. இருவரையும் நிற்க வைத்து, "வாசனை வந்தா வால்வ மூடுங்க, ஜன்னலத் தொறங்க, உடனே எனக்குப் போன் பண்ணுங்க. வேற யாரும் தொடக் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னேன். மகள் அதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள்.

பிறகு நாலு மாதம் காத்திருந்தேன். அந்த நாலு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன், ஐயா. போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாயால் சொல்கிறேன். வாசனை வந்திருக்கிறது. மாப்பிள்ளை வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, ஸ்பானரை எடுத்திருக்கிறார். பிடி இல்லாத குழாயில் நட்டை முறுக்கினால் குழாயும் கூடவே திரும்பும். அலமாரிக்குள் அந்த வளைவில் பற்றவைத்த இடம் விரிசல் விட்டுவிட்டது. அவர் வால்வை மறுபடி திறந்து, மேலே நட்டில் மட்டும் நான் சொல்லிக்கொடுத்தபடியே நுரை தடவிப் பார்த்திருக்கிறார். ஒரு குமிழிகூட வரவில்லை. அலமாரியை மூடியிருக்கிறார், ஜன்னலை மூடியிருக்கிறார். கேஸ் கனமானது, கீழேயே தேங்கும். மகள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். அவள் இறங்கி வருவதற்குள் டீ போட்டு வைக்கலாம் என்று அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாவக் கூப்பிடலாம்னு சொன்னேன்ப்பா. அவர்தான், 'மாமாவுக்கு நேத்துதான் முட்டியில ஊசி போட்டிருக்கு, இன்னைக்கு ஒரு நாளாவது படுத்திருக்கட்டும்'னாரு."

மூன்று வாரமாக அவள் என் வீட்டில்தான் இருக்கிறாள். தெரியாத வேலையில் ஏன் கை வைத்தார் என்று செத்தவரை அவள் திட்டுகிறாள். மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து, தன் பிள்ளையின் அவசரத்தால் மருமகள் வாழ்க்கை போயிற்று என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. மகள் பக்கத்து அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சாப்பாடு வைத்தால் எடுப்பதில்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்கிறாள். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், இன்னும் ஒரு தடவைகூட "அப்பா" என்று அவள் கூப்பிடவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். மேஜை மேல் இருக்கும் இந்தக் கிளிப்பை மாட்டியவன் நான். என்ன ஆகும் என்று தெரிந்து, எப்போது ஆகும் என்றும் தெரிந்து, என் கையால் மாட்டினேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை. எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அன்றைக்கு நாள் முழுவதும் போன் என் நெஞ்சு மேலேயே இருந்தது. மாப்பிள்ளை ஒரே ஒரு போன் பண்ணியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். அவர் பண்ணவில்லை, ஐயா. அந்தத் தப்பை நான் எப்படி என் தலையில் போட்டுக்கொள்ள முடியும்?