பாலக்காடுன்னு சொல்லு

— இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு.

— மெதுவா பேசுப்பா. பக்கத்து டேபிள்காரங்க திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். கண்ணு இருக்கிறவன் பாப்பான். நீ சொன்னதத் திருப்பிச் சொல்லு அருணா. எங்காதுல சரியா வுழுவுல.

— மொதலாளி இப்ப நம்ம டேபிளுக்கு வருவாரு. எந்த ஊருன்னு கேட்டா பாலக்காடுன்னு சொல்லு. வேலூரு பக்கம் வந்து ரொம்ப காலமாச்சி, பாஷ மறந்துபோச்சின்னு சொல்லு. அவ்ளோதான்.

— கேட்டியா மாதம்மா? நாம பெத்த பொண்ணு நமக்குப் புதுசா ஒரு ஊரு வாங்கிக் குடுக்குறா.

— கேட்டுகினுதான்யா கீறேன். நீ மொதல்ல துன்னு. ஆறிப்போவுது.

— துன்றது இருக்கட்டும். ஏ அருணா, பாலக்காடு எங்க கீது?

— கேரளாவுல.

— நான் போயிருக்கேனா?

— இல்ல.

— உங்கம்மா?

— ப்பா, ப்ளீஸ்.

— இந்தக் கண்ணாடி வழியா பாரு. இந்த ரிசார்ட்டு ராட்டினத்துக்கு அந்தாண்ட, எறக்கத்துல நாலஞ்சி வெளக்கு எரியிதே, அது இன்னா ஊரு?

— நெல்லிமரத்துக்கொல்லை.

— யாரு ஊரு அது?

— நம்ம ஊரு.

— அந்த ஊருக்கு நாட்டாம பண்ற கவுண்டன் யாரு?

— நீதாம்ப்பா.

— ஊருக் கவுண்டன், சொந்த மலையில ஒக்காந்துகினு, சொந்த வூட்டு வெளக்கப் பாத்துகினே, நான் வேற தேசத்தான்னு சொல்லணும். நல்லா கீதுடி உங்க நியாயம்!

— யோவ், கம்முனு இரு. சோறு வெக்கிற புள்ள வருது.

— சோறா? எங்க சோறு? தாம்பாளம் அகலத்துக்கு ஒரு தட்டு. அதுக்கு நடுவுல கோழி எச்சமாட்டம் பச்சையா இன்னாமோ வெச்சிக்கிறான். இதத் துன்றதுக்கு ரெண்டு பக்கமும் முள்ளும் கத்தியும்.

— அது ஸ்டார்ட்டர்ப்பா. முடிஞ்சிது, எடுத்துட்டாங்க பாரு. இது கரிமீன் பொள்ளிச்சது. வாழ எலயப் பிரிச்சிச் சாப்புடு. இங்க இதுக்குன்னே சென்னையிலேர்ந்து கார் போட்டுகினு வர்றாங்க.

— தேங்கா எண்ண நாத்தம் கொடலப் பொரட்டுது. மீனுக்கு எலயச் சுத்தி, நாரக் கட்டி... பொணத்துக்குக் கோடி போத்துனமாரி.

— சீ, துன்ற எடத்துல இன்னா பேச்சு இது! அருணா, நீ சொல்லுடி. எதுக்கு அப்பிடிச் சொல்லணும்? எனக்கும்தான் மண்டைல ஏறல.

— நானா போயி ஒண்ணும் சொல்லலம்மா. அவரே அப்பிடி எடுத்துகினாரு. இண்டர்வியூல, ‘நீங்க யாரும்மா’ன்னு கேட்டாரு. ‘நாங்க மலையாளிங்க சார்’னு சொன்னேன். நெசந்தான?

— நெசந்தான். சாதி சர்ட்டிபிகேட்டுல சர்க்காரே நம்ம மலை சனத்த அப்பிடித்தான் எழுதி வெச்சிக்கிறான். மலைய ஆளுறவன் மலையாளி.

— அவருக்கு அது தெரியலப்பா. மெட்ராஸ்காரரு. ‘ஓ, கேரளாவா! பாலக்காடா, திருச்சூரா?’ன்னு கேட்டாரு.

— நீ இன்னா சொன்ன?

— பாலக்காடுன்னு தலையாட்டிட்டேன்.

— எதுக்குடி ஆட்டின? பூம்பூம் மாடா நீ?

— எனக்கு முன்னாடி தமிழ்மணி உள்ள போனான்ப்பா. எங்கூட ஒரே காலேஜி, ஒரே ஓட்டல் படிப்பு. என்னவிட அவன் நல்ல மார்க்கு. எந்த ஊருன்னு கேட்டதுக்கு ‘இந்த மலதான் சார்’னான். அவனுக்கு இன்னா வேல குடுத்தாங்க தெரியுமா? நீச்சக்கொளத்துல பாசி சொரண்டுற வேல. மலைக்காரங்க உள்ளார வந்து பரிமாறக் கூடாதாம். தோட்டம், தொடப்பம், இல்லன்னா வாசலு. அதுக்கு மேல கெடையாது. அவன் அழுதுகினே வெளிய வந்தான். அவன் மூஞ்சப் பாத்துட்டுதான் நான் உள்ளார போனேன். இப்ப சொல்லு, நான் தலையாட்டுனது தப்பா?

— தப்புதான்!

— இன்னாய்யா தப்பு? அந்தப் புள்ள மாரி இவளும் பாசி சொரண்டணுமா?

— நீ குறுக்க பேசாத மாதம்மா. நெசத்தச் சொன்னவன் பாசி சொரண்டுறான். பொய்யி சொன்னவ கோட்டு போட்டுகினு நிக்கிறா. அந்த மொதலாளி பஞ்சாட்சரம் வரட்டும், அவன் சட்டையப் புடிச்சி...

— புடி. நல்லா புடி. புடிச்சிட்டு நீ வூட்டுக்குப் போயிடுவ. நான் எங்க போவேன்? இன்னிக்கி என்ன இந்த ரெஸ்டாரண்டுக்கே மேனேஜராக்கப் போறாருப்பா. மேனேஜராவுறவங்க அப்பா அம்மாவ ஒக்கார வெச்சி மொதலாளி விருந்து குடுப்பாரு. அதான் இந்த டேபிளு, இந்த மெழுகுவத்தி, எல்லாம். ஒரே ஒரு வார்த்த கேக்குறேன். அதச் சொல்றதுக்கு ஒனக்கு வாய் வலிக்குதா?

— வலிக்குது.

— அப்ப பேசவே பேசாத. நான் பேசிக்கிறேன். அந்தத் தலப்பாவ மட்டும் அவுத்து மடியில வெச்சிக்க. அப்பறம் பேச்சுக்குப் பேச்சு இன்னா, இன்னான்னு சொல்லாத. ‘என்ன’ன்னு சொல்லு. நான் இங்க மத்தவங்க முன்னாடி ஒரு தடவகூட இன்னான்னு சொன்னதில்ல.

— இந்தத் தலப்பாவா? ஊரு கூடி கட்டிவுட்டதுடி இது. சாமிக்கி முன்னாடிதான் அவுப்பேன். வேற எந்தக் கொம்பன் முன்னாடியும் அவுக்க மாட்டேன்.

— செரி, கட்டிகினே இரு. இதத் துன்னுட்டாச்சும் இரு.

— துன்றேன். அதுக்கு முன்ன இன்னொண்ணு கேக்கணும். வாசல்ல இன்னா பண்ண நீ?

— நான் இன்னா பண்ணேன்?

— சிமிட்டுல ஒரு குடிச கட்டி வெச்சிக்கிறான். ‘மலைவாழ் மக்கள்’னு ஒரு போர்டு. அதுக்கு முன்னால உங்க சித்தி மங்கம்மா, நாடகக்காரியாட்டம் சேலையச் சுத்திகினு, ஒரல்ல வெறும் உமியப் போட்டுக் குத்தினிருந்தா. வந்தவனுங்க அவ தோள்ல கையப் போட்டு போட்டோ புடிக்கிறானுங்க. நம்மளப் பாத்ததும் ‘அருணா’ன்னு கூப்ட்டா. நீ செருப்பப் பாத்துகினே வந்துட்ட.

— சித்திக்கும் தெரியும்ப்பா.

— இன்னா தெரியும்?

— என்னத் தெரிஞ்சமாரி காட்டிக்கக் கூடாதுன்னு. டெய்லி அப்பிடித்தான். நானும் பேச மாட்டேன், சித்தியும் பேசாது. இன்னிக்கி உங்க ரெண்டு பேரையும் பாத்ததும் தாங்காம கூப்ட்டுடுச்சி.

— டெய்லியா! அடிப்பாவி. உங்கம்மாக்குப் பாலு இல்லாதப்ப ஒனக்குப் பாலு குடுத்தவடி அவ! ஏ மாதம்மா, நீயுந்தான மூஞ்சத் திருப்பிகினு வந்த? கூடப் பொறந்தவளப் பாத்து?

— எனக்கு இன்னாய்யா தெரியும்? வாசல்ல யாருகிட்டயும் பேசாதம்மா, இங்க ரூலுன்னு இவ சொன்னா. நானும் ரூலுன்னு நெனச்சிகினேன். அவ ‘அக்கா’ன்னா. ரெண்டு தபா கூப்ட்டா. நான் போய்கினே இருந்தேன். அந்தக் கொரலு இந்தா, இந்த எடத்துல குத்திகினு நிக்கிது. இந்த மீனு எறங்குமா எனக்கு?

— அப்ப எழுந்திரு.

— எங்க?

— வூட்டுக்கு. நாய் வேஷம் போட்டா கொலச்சித்தான் ஆவணும். எனக்குக் கொலைக்க வராது.

— போங்க. ரெண்டு பேரும் போங்க. நாளைக்கி நானும் சித்தி பக்கத்துல ஒரு ஒலக்கைய வாங்கிகினு நிக்கிறேன். வர்றவனுங்க எந்தோள்லயும் கையப் போட்டு போட்டோ புடிக்கட்டும். ஊருக் கவுண்டரு பொண்ணு நெசத்த மட்டுந்தான் பேசும்னு நீ ஊர்ல சொல்லிக்க. சந்தோஷந்தான?

— இன்னாடி வாயி நீளுது!

— நீளும்! நான் இன்னா திருடனா? பொய்யி சொன்னேன், சோறு துன்றேன். நெசத்தச் சொன்னா இந்த ஆளுங்க குடுப்பாங்களா? நீ கேட்டு வாங்கிக் குடுப்பியா?

— யோவ், ஒக்காரு. நான் சொல்றேன், ஒக்காருய்யா. ஒனக்கு மட்டுந்தான் கோவம் வரும்னு நெனச்சிகினியா? நீ கத்திட்டா உங்கோவம் தீந்துடும். நான் எங்க போயி கத்துறது? இவள ஜமுனாமரத்தூரு ஆஸ்டல்ல சேக்க, மழையில தோள் மேல தூக்கிகினு போனியே, அன்னிக்கி இன்னா சொன்ன? எம்பொண்ணு வெயில்ல ஒக்காந்து புளி ஒடைக்கக் கூடாதுன்ன. இவ இப்ப ஒடைக்கல. நெழல்ல நிக்கிறா. அந்த நெழல நீ ஒடச்சிட்டுப் போவப் போறியா?

— ஒக்காந்துட்டேன், போதுமா?

— பேசுய்யா.

— இன்னா பேசச் சொல்ற மாதம்மா? வயித்துல நெருப்ப வெச்சிகினு வாயத் தொறன்னா புகதான் வரும்.

— அப்பா, வர்றாரு. அதோ, நீலச் சட்ட. நீ ஒண்ணும் சொல்லலன்னாலும் பரவால்ல. சண்ட மட்டும் போடாத. உங்கால்ல வுழறேன்.

— இன்னாய்யா பண்ற? தலப்பாவ எதுக்கு அவுக்குற?

— கம்முனு இரு மாதம்மா.

— யோவ்... சாமிக்கி முன்னாடிதான்னு...

— கம்முனு இருன்றேன்ல!

— வணக்கம், வணக்கம்! உக்காருங்க, உக்காருங்க, எந்திரிக்கக் கூடாது. அருணா, இவங்கதான் அப்பா அம்மாவா?

— ஆமா சார். எங்கப்பா, கோவிந்தன். எங்கம்மா.

— கோவிந்தன்! பாருங்க, பேர்லயே கேரளா இருக்கு. நான் பஞ்சாட்சரம். சாப்பாடு எப்படி கோவிந்தன் சார்? உங்க ஊர் டேஸ்ட் வந்திருக்கா? கரிமீன் ஆலப்புழையிலேர்ந்து வருது.

— ரொம்ப நல்லாருக்குங்க.

— அப்பாடா! நீங்களே சொல்லிட்டா சர்ட்டிபிகேட்தான். உங்க பொண்ண என்ன சொல்றது, தங்கம். அந்தச் சுத்தம், அந்த நேரம் தவறாம வர்றது, எல்லாம் உங்க ஊர் ரத்தம் சார். இங்க இருக்கிற மலை ஆளுங்களை வெச்சுக்கிட்டு நான் படற பாடு இருக்கே! ஒருத்தரை நம்பி ஒரு தட்டைத் தூக்கிக் குடுக்க முடியாது. தப்பா நெனைக்காதீங்க, நமக்குள்ள பேசறதுதான்.

— செரிங்க.

— இப்பக்கூட பாருங்க, உங்களுக்கு ஒரு சங்கடம் ஆயிடுச்சு. அதுக்கு மன்னிப்பு கேக்கணும்னுதான் நேர்ல வந்தேன்.

— எங்களுக்கு என்ன சங்கடம் சார்?

— உனக்குத் தெரியாதாம்மா? வாசல்ல உலக்கை குத்துதே ஒரு அம்மா. நீங்க உள்ள வந்ததும், ‘எங்கக்கா போறா, எங்கக்கா பொண்ணு போறா, என்னையும் உள்ள விடு’ன்னு செக்யூரிட்டிகிட்ட ஒரே சத்தம், அழுகை. குடிச்சிருக்கும்போல.

— ஐயோ, அவ குடிக்க மாட்டாளே!

— என்னம்மா சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல சார். பொம்பளைங்க குடிப்பாங்களான்னு அம்மா கேக்குறாங்க.

— இந்த மலையில எல்லாம் நடக்கும்மா. நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிய யார்னே தெரியாம உறவு கொண்டாடினா சும்மா விடலாமா? ஆனா பாருங்க, செக்யூரிட்டி பையனும் இந்தப் பக்கத்து ஆள்தான். அந்தம்மா சொல்றது நிஜமா இருக்கும் சார்ங்கறான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கோவிந்தன் சார், நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவன் வாயையும் அடைச்சுடறேன். உங்க ஊர் எது?

— அப்பா...

— சும்மா சொல்லுங்க சார்.

— பாலக்காடுங்க.

— யோவ்!

— அப்புறம் அந்த அம்மா?

— அந்தம்மா... அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுங்க.

— அவ்வளவுதான்! முடிஞ்சுது. அருணா, நாளைக்கு மேனேஜர் சீட்ல உக்காந்து நீ போடற முதல் கையெழுத்தே அந்தம்மா கணக்கை முடிக்கறதா இருக்கட்டும். என்னம்மா, என்ன ஆச்சு? ஏன் கோட்டைக் கழட்டறே? என்ன சொல்ல வர்ற?

— இன்னா சொல்றன்னா சார், அப்பா, நீ அந்தத் தலப்பாவ எடுத்துக் கட்டு மொதல்ல, இன்னா சொல்றன்னா, அன்னிக்கி நான் மலையாளின்னு சொன்னது சத்தியமா நெசம் சார். வாசல்ல ஒலக்கையப் புடிச்சிகினு நின்னாங்களே எங்க சித்தி, அந்த மலையாளி.