முதல் தரம், இரண்டு விசில்

மாட்டுக்கறியில் நல்லது எது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. சதைக்கு நடுவே வெள்ளைக் கொழுப்பு மெல்லிய கோடுகளாக ஓடினால் முதல் தரம். கொழுப்பு மஞ்சளடித்தால் வயதான மாடு. காரைக்குடியில் எங்கள் அத்தாவின் கறிக்கடையில், கல்லூரி இல்லாத நாட்களில் நின்று கற்றது இது.

என் மாமா அல்லாபிச்சையின் மகள் சுஹானாவுக்குப் பள்ளத்தூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவரோடு அவள் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். மரியாதை தெரிந்த பெண். மாப்பிள்ளையின் அத்தா இனாமுல் ஹசன், கத்தாரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கறிப் பிரிவில் இருந்தவர். பேச்சை முடிக்க விருந்துக்கு வருவதென்றால் தரச்சீட்டு ஒட்டிய கறிதான் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

"இங்குட்டு விக்கிறதெல்லாம் கறியா?" என்றும் கேட்டாராம்.

மாமி கலங்கிப்போய் என்னிடம் வந்தார். உதவ வேண்டியது என் கடமை.

வண்டியிழுத்து ஓய்ந்த ஒரு கிழட்டு மாட்டின் தொடையை எடுத்தேன். மஞ்சள் கொழுப்பைப் பொறுமையாகச் செதுக்கி எறிந்தேன். தங்கக் கரை போட்ட சீட்டு ஒன்றை அச்சடித்து ஒட்டினேன்: ‘முதல் தரம். இரண்டு விசிலுக்கு மேல் வைத்தால் சுவை கெடும்.’ மாமி அதை அப்படியே கடைப்பிடித்தார். அச்சில் வந்ததை மதிக்கும் குடும்பம்.

இனாமுல் ஹசன் சீட்டை வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார். மென்றார். வெகுநேரம் மென்றார். பல்செட் ஒருமுறை நழுவியது. நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தோம். கண்ணில் நீரோடு, இதுதான் கறி என்றார். மாப்பிள்ளையும் வாயைத் திறக்க முடியாமல் தலையாட்டினார். அத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கும்.

பெண்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுஹானாவுக்குப் பொய் வராது. அது எனக்குத் தெரியும். ஆகவே திரைச்சீலைப் பக்கம் திரும்பி, கறி எப்படி இருக்கிறது என்று சத்தமாகக் கேட்டேன்.

"செருப்பைக் கடிச்ச மாதிரி இருக்கு மச்சான். அவுக எப்படித்தான் மெல்லுறாகளோ."

இனாமுல் ஹசன் எழுந்து கை கழுவினார்.

"சம்பந்தி, சின்னப்புள்ள பேச்சு, பெருசா எடுத்துக்காதீக," என்று மாமா கெஞ்சினார்.

"முதல் தரத்தையே செருப்புங்குது. நாளைக்கு என்னைய என்னன்னு சொல்லும்?"

கார் கிளம்பியது. மாப்பிள்ளை மட்டும் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

முறைப்பெண் என்பதற்காக நான் எதுவும் செய்யவில்லை. கறி விஷயத்தில் இவ்வளவு ஏமாளியான குடும்பத்தில் அவள் வாழ்க்கைப்பட வேண்டாமே என்றுதான். சீட்டை அச்சடித்தது நான்தான் என்பதை அவளே கண்டுபிடித்து மாமாவிடம் சொல்லியிருப்பாள் போல. சீட்டு இப்போது அவளிடம் இருக்கிறது. என் தலை தெரிந்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

வெட்கம்தான்.